துண்டும் தண்ணீர் லாரியும்

கோத்தகிரியில் ஒரு விருந்தினர் இல்லம். குளியலறைக் கதவில் அட்டை தொங்கியது: துண்டை மறுநாளும் பயன்படுத்துங்கள், தண்ணீரைக் காப்போம். மறுநாள் விடிவதற்குள் சமையலறைக்குப் பின்னால் தண்ணீர் லாரி வந்துவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்து, குழாயைத் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள் என்றேன். கீழே ஒரு கிணறு என்று சரிவைக் கைகாட்டினார்.

அட்டையில் பிழையில்லை. துவைக்காத துண்டு மிச்சம்தான். ஆனால் ஒரு விடுதி இயற்கைக்கு இசைந்ததா என்பதை அறைக்குள் இருந்து சொல்ல முடியாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, கட்டடம் எந்த மண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

நல்லதும் நிறைய நடந்திருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுவதும் 2019 ஜனவரியில் வந்த தடை, நீலகிரிக்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. எவர்சில்வர் கூஜாவில் காய்ச்சிய தண்ணீர் வைக்கும் சிறு விடுதிகள் அதை நடைமுறையில் காட்டுகின்றன. பழைய ஓட்டு வீட்டை இடிக்காமல் தங்கும் அறைகளாக்கியவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் பறிகொடுத்த மாவட்டத்தில், புதிதாக ஒரு சரிவை வெட்டாமல் இருப்பதே பெரிய காரியம்.

சில நல்ல பழக்கங்கள் இடம் மாறினால் கெடுதலாகின்றன. சமவெளியில் காய்கறிக் கழிவை உரக்குழியில் போடுவது நல்லது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் மூடியில்லாத குழி கரடியை வீட்டு வாசலுக்கே கூப்பிட்டுவிடும். கரடி மனிதரைத் தாக்கினால் பழி கரடிக்கு. குழி வெட்டியவரை யாரும் கேட்பதில்லை. சூரிய வெந்நீர்க் கலனும் அப்படித்தான். மஞ்சு இறங்கும் நாட்களில் விறகு அடுப்போ மின்சாரமோதான் கைகொடுக்கும். அதை விருந்தினரிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

எதைச் செய்தாலும் ஈடுகட்ட முடியாத குறை, இடம்தான். சீகூர்ப் பகுதி யானை வழித்தடத்தைக் காக்க அரசு 2010-ல் இட்ட ஆணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மூன்றே மாதத்தில் அதே பகுதியில் உள்ள மசினகுடியில், ஏற்கெனவே முதுகுப் புண்ணோடு அலைந்த யானைமீது ஒரு தங்கும் விடுதியிலிருந்து எரியும் டயரை வீசினார்கள். காது கருகி, யானைகள் முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது இறந்தது. காட்டின் அருகாமையைக் காட்டித்தான் அங்கே விருந்தினரை அழைக்கிறார்கள். காட்டின் சொந்தக்காரர் வந்தால் நெருப்பு. வழித்தடத்தில் நிற்கும் கட்டடத்துக்கு மூங்கில் பல்துலக்கியும் சணல் பையும் எந்தப் பெருமையும் தராது.

உதகைக்கு வரும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ். 2025-ல் நாளொன்றுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அறைகளுக்கும் அப்படியொரு வரம்பு வேண்டும், அந்த மண்ணில் ஊறும் தண்ணீரின் அளவுக்கு.

குன்னூர் அருகே நான்கு அறை வைத்திருக்கும் ஒருவரைத் தெரியும். வாடகை அதிகம், எல்லோராலும் கொடுக்க முடியாது, அது குறைதான். அவருடைய கிணற்றில் முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று தொங்குகிறது. ஏப்ரலில், சீசன் நேரத்தில், மூன்றாவது முடிச்சு நனையாமல் மேலே வந்தால் இரண்டு அறைகளைப் பூட்டிவிடுகிறார்.