டேலி ஆகிற கணக்கு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளே ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் எஸ்.எம்.எஸ்., இப்போது வாட்ஸப். 'ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் ஹிட்லர் நாஜிக் கட்சித் தலைவரானார். ஒரே ஒரு ஓட்டில்தான் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஜெர்மன் ஆகாமல் இங்கிலீஷ் ஆனது. ஆகவே, உங்கள் ஓட்டு...' கூடவே கூப்பிய கைகள், மூவர்ணக் கொடி.

நல்ல எண்ணம்தான். ஆனால் இரண்டும் கதை. ஹிட்லர் 1921 ஜூலையில் கட்சிக் கூட்டத்தில் தலைவரானபோது ஐந்நூற்றுச் சொச்சம் பேர் ஆதரித்தார்கள். அங்கே ஒரே ஒரு ஓட்டு இருந்தது வாஸ்தவம். அது அவரை எதிர்த்து விழுந்தது! அமெரிக்காவில் 1790களில் ஜெர்மன்காரர்கள் கேட்டது, சட்டங்களை ஜெர்மனிலும் அச்சடித்துக் கொடுங்கள் என்று மட்டும்தான். ஆட்சிமொழிப் பேச்சே கிடையாது.

பொய் சொல்லி ஓட்டுப் போட வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குட்டு வெளிப்பட்டால், 'ஓட்டு முக்கியம்' என்பதும் இதே ரகம்தான் என்று படித்தவன் முடிவுகட்டிவிடுவான். அதுவும், நிஜமே பக்கத்தில் இருக்கும்போது எதற்கு ஜெர்மனி வரை போக வேண்டும்?

2004, கர்நாடகா. சாமராஜநகர் பக்கம் சந்தேமரஹள்ளி தொகுதி. காங்கிரஸின் துருவநாராயணா 40,752. எதிர்த்து நின்ற ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி 40,751.

2008, ராஜஸ்தான். நாத்துவாரா தொகுதியில் பி.ஜே.பி.யின் கல்யாண் சிங் சௌஹான் 62,216. காங்கிரஸின் சி.பி.ஜோஷி 62,215. ஜோஷி அப்போது மாநிலக் கட்சித் தலைவர். முதல்வர் ஆவார் என்று பேசப்பட்டவர். கட்சி ஆட்சியைப் பிடித்தது. அவர் சட்டசபைக்கே போக முடியவில்லை.

இதை எங்கள் அபார்ட்மென்ட் நண்பரிடம் சொன்னேன். நல்ல உத்தியோகம், நாலும் படிக்கிறவர். தேர்தல் லீவு வந்தால் மட்டும் குடும்பத்தோடு ஏற்காடு.

"இதெல்லாம் லாட்டரி சார். யாரோ ஒருத்தருக்கு கோடி ரூபாய் விழுந்ததுன்னு நான் தினம் சீட்டு வாங்க முடியுமா?" என்றார்.

யோசித்தால் அவர் சொல்வதும் நியாயம்தான். ஒற்றை ஓட்டில் முடிவான தொகுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை மட்டும் காரணமாகச் சொன்னால் நண்பர் ஏற்காட்டுக்குத்தான் போவார்.

நான் பி.காம். படித்தபோது அக்கவுன்டன்ஸி வாத்தியார் ஒரு விஷயம் சொல்வார். லெட்ஜரில் ஒரு பக்கம் ஏற்றி, மறுபக்கம் ஏற்றாமல் விட்டால் டிரையல் பேலன்ஸ் இடிக்கும், தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால், ஒரு வரவு செலவை அடியோடு எழுதாமலே விட்டால்? "அழகா டேலி ஆகும்டா. அதுதான் ஆபத்து. தப்பு நடந்ததே தெரியாது" என்பார்.

ஓட்டுப் போடாதவர் அந்த எழுதாத வரவு. போட்டவர்களை மட்டும் கூட்டினாலே கணக்கு சரியாகிவிடுகிறது. வராதவரை யாரும் தேடுவதில்லை.

இன்னொன்று. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். ஆனால் எந்த பூத்தில் எந்த வேட்பாளருக்கு எத்தனை விழுந்தது என்பது ரகசியமே இல்லை. 'ஃபார்ம் 20' என்று பூத் வாரியாக அச்சிட்டே வருகிறது. கட்சிக்காரர்களுக்கு அதுதான் லெட்ஜர். ஆயிரம் பேர் இருக்கிற பூத்தில் நானூறு பேர்தான் வந்தார்கள் என்று வையுங்கள். மழைத்தண்ணீர் தேங்குகிறது என்று அடுத்த வருஷம் நீங்கள் மனு கொண்டுபோனால், அந்த அறுநூறு பேருக்காக யார் பயப்படுவார்கள்?

2021 சட்டசபைத் தேர்தலில் சென்னை தியாகராய நகரில் தி.மு.க. ஜெயித்தது 137 ஓட்டில். தீபாவளி சீஸனில் ரங்கநாதன் தெருவில் நம்மை இடித்துக்கொண்டு போகிறவர்களே அதைவிட ஜாஸ்தி. அதே தொகுதியில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அன்றைக்கு பூத் பக்கமே வரவில்லை. ஜெயித்தவர், தோற்றவர் இருவருடைய விதியும் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தது!

"நான் போடறவன் எப்படியும் தோத்துடுவான் சார்" என்கிறவர்களும் உண்டு. தோற்கிற ஓட்டும் கணக்கில் ஏறுகிறது. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் டெபாசிட் மிஞ்சும். மாநிலத்தில் எட்டு சதவீதம் வாங்கினால், ஒரு ஸீட் கூட ஜெயிக்காமலே அங்கீகாரம் உண்டு. 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஒரு தொகுதியிலும் ஜெயிக்கவில்லை; அந்த எட்டைத் தாண்டியதால் மாநிலக் கட்சி அந்தஸ்து வந்தது. அந்தக் கட்சியை உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அதற்கு விழுந்த ஒவ்வொரு ஓட்டும் ஏதோ ஒரு தொகுதியில் தோற்ற ஓட்டு. எதுவும் வீணாகவில்லை.

எனவே, வாட்ஸப் நண்பர்களே, ஹிட்லரை விட்டுவிடுங்கள். 'உன் ஒரு ஓட்டு உலகத்தை மாற்றும்' என்றும் மிரட்ட வேண்டாம். 'உன் பெயரைக் கணக்கில் எழுது' என்றால் போதும். அதற்கு முதல் வேலை, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்ப்பது. ஓட்டுப் போடும் நாளன்று போய்த் தேடினால் பிரயோஜனமில்லை.

நண்பரிடம் டிரையல் பேலன்ஸ் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "காலையில ஏழு மணிக்கே பூத் திறந்துடுவாங்கள்ல? போட்டுட்டுக் கிளம்பினா மத்தியானத்துக்கு மேல ஏற்காடு போயிடலாம்" என்றார்.

தாராளமாகப் போகட்டும். விரலில் மையோடு போனால் சரி.