ஹெர்னாண்டஸில் கிடைத்த ஒரே நெகட்டிவ்

1941-இன் இலையுதிர்கால மாலை ஒன்று. நியூ மெக்சிகோவின் சாமா பள்ளத்தாக்கில் நாளெல்லாம் அலைந்தும் படம் சரியாக அமையாமல், புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் காரில் சான்டா ஃபே திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். கிழக்கே பனிமலைகளுக்கு மேல் நிலா ஏறியிருந்தது. மேற்கே சாயும் சூரியனின் கடைசி வெளிச்சம், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் வெள்ளை வெள்ளையாகப் பட்டுக்கொண்டிருந்தது. வண்டியை ஓரங்கட்டி, எட்டுக்குப் பத்து அங்குலக் கேமராவை அவசரமாக நிறுத்தினார். லைட் மீட்டரைத் தேடினால் காணோம்!

நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவிருந்தது. அதை வைத்து மனக்கணக்காக எக்ஸ்போஷரை முடிவுசெய்து ஒரு படம் எடுத்தார். ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பி இரண்டாவதுக்குத் தயாராவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. 1927 ஏப்ரலில் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுத்தபோது, மஞ்சள் ஃபில்டர் போட்டு ஒரு கண்ணாடித் தகட்டை முடித்தவர், இதில் வானம் சாதாரணமாகத்தான் வரும் என்று உணர்ந்து, மிச்சமிருந்த கடைசித் தகட்டுக்குச் சிவப்பு ஃபில்டர் மாட்டினார். நீல வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. கண் முன்னால் இருப்பதை அல்ல, பிரிண்டில் வரவேண்டியதை முதலில் மனதில் பார்த்துவிட வேண்டும் என்ற அவருடைய கொள்கை அங்கே பிறந்தது. ஹெர்னாண்டஸில் அந்தச் சில நொடிகளுக்குப் பின்னால் பதினான்கு வருட சாதகம் இருக்கிறது.

ஆடம்ஸ் இளமையில் பியானோ கலைஞராகப் பயின்றவர். நெகட்டிவை இசையமைப்பாளர் எழுதிய ஸ்வரக் குறிப்புக்கும், பிரிண்டைக் கச்சேரிக்கும் ஒப்பிடுவார். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே விளங்கும். ஒரே கீர்த்தனையை இருபது வயதில் பாடுவதும் எழுபதில் பாடுவதும் ஒன்றாகவா இருக்கும்? ஹெர்னாண்டஸ் நெகட்டிவில் முன்புறம் வெளிறிக் கிடந்ததால், 1948-இல் ரசாயனம் கொண்டு அந்தப் பகுதியை அழுத்தமாக்கினார். பிறகு பல பத்தாண்டுகள் இருட்டறையில் நின்று, ஓரிடத்தில் வெளிச்சத்தை மறைத்து, ஓரிடத்தில் கூட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். ஆரம்ப காலப் பிரிண்டுகளில் வானம் சாம்பல் நிறம். மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். போகப் போக வானம் கரியாகி, நிலா தனியே தொங்குகிறது. பலரும் பிற்காலத்ததைக் கொண்டாடுகிறார்கள், கம்பீரம் அதில்தான் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் எனக்குப் பிடித்தது பழையதுதான். அந்தக் கீற்று மேகங்களில்தான் இன்னும் இருட்டாத சாயங்காலம் மிச்சமிருக்கிறது.

ஒரு விஷயம் என்னை நெகிழ வைக்கிறது. நிலவின் வெளிச்சத்தை எண்ணாக நினைவில் வைத்திருந்த மனிதருக்கு, படமெடுத்த வருடம் நினைவில்லை. ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு வருடம் சொல்லிவந்தார். பின்னாளில் வானியல் அறிந்தவர்கள் படத்தில் நிலா இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். முதலில் அக்டோபர் 31 என்று வந்தது, பிறகு திருத்தப்பட்டது. 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம்.