மனிதர் என்ற சொல்லுக்குள் யார் யார்?

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது மொழியின் செல்வம் என்று புலவர் போற்றுவர். செல்வந்தான், மறுக்கவில்லை நாம். ஆனால் செல்வம் எங்கே குவிந்து கிடந்தாலும், அது எவ்வழியில் வந்தது என்று கேட்பது நமது பழக்கம். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலச் சொற்களஞ்சியம் ஒன்றைப் புரட்டினோம்.

பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852இல், தமது எழுபத்து மூன்றாம் வயதில் வெளியிட்ட நூல் அது. அகர வரிசையை விட்டு, நம் நிகண்டுகளைப் போலப் பொருள் வரிசையில், ஆயிரம் தலைப்புகளில் சொற்களை அடுக்கினார். அவர் மறைந்த பின்னும் அந்நூல் புதுப் பதிப்புகள் கண்டது. 1911ஆம் ஆண்டுப் பதிப்பில் 372ஆம் தலைப்பு மனித இனம், 373 ஆண், 374 பெண்.

372இல் 'பெர்சன்' என்ற சொல்லுக்கு அண்டை அயலில் யார் குடியிருக்கிறார்கள்? உடல், ஆன்மா, தலை, கை! உறுப்பின் பெயரால் முழுமையைச் சுட்டுவது சினையாகுபெயர் என்று இலக்கணம் சொல்லி முடித்துவிடும். நாம் அங்கே நின்றுவிடலாமா? எந்த உறுப்பை எவர் எடுத்துக் கொண்டார் என்று பார்க்க வேண்டாமா? பாதிரியார் எண்ணினார், மனிதன் 'ஆன்மா' ஆனான். வரி தண்டுவோன் எண்ணினான், மனிதன் 'தலை' ஆனான். 1381இல் இங்கிலாந்து உழவர் கொதித்தெழத் தீமூட்டியதே தலைவரிதான். ஆலை முதலாளி எண்ணினான், மனிதன் 'கை' ஆனான். கைக்குப் பசி இல்லை, பிள்ளை குட்டி இல்லை, நியாயம் கேட்க நாக்கும் இல்லை; எத்தனை வசதியான மாற்றுச் சொல்! அந்தச் சொல்லின் கொடுமையைச் சார்லஸ் டிக்கன்ஸ் 1854இல் 'ஹார்டு டைம்ஸ்' என்ற நாவலில் உலகறியக் காட்டினார்.

வெள்ளையன் மொழியைப் பார்த்து நாம் நகைத்துவிட்டுப் போக முடியாது. 'ஆள்' என்பது அரண்மனையிலே வினைச்சொல். அங்கே அது ஆட்சி. அதே 'ஆள்' பண்ணையிலே பெயர்ச்சொல். அங்கே அது அடிமை. பண்ணையாள் என்று அழைத்தவர்களுக்கு அந்த மனிதனின் பெயர் தேவைப்படவே இல்லை. 'கூலி' என்ற நம் சொல்லும் கப்பலேறியது. அது குஜராத்தின் கோலி இனப் பெயரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. தமிழ்ச் சொல்லே என்போர் பலர். தமிழிலே அது உழைப்பின் விலை. ஆங்கிலத்திலே அதுவே உழைப்பவனின் பெயர்!

அடுத்த இரண்டு தலைப்புகளைப் பார்ப்போம். ஆண் என்ற தலைப்பின் கீழ் கனவான், ஐயா, எசமான் என்று வரிசை நிமிர்ந்து நிற்கிறது. பெண் என்ற தலைப்பின் கீழோ உள்பாவாடையின் பெயர் பெண்ணுக்கு மாற்றுச் சொல்! இன்னும் கீழே 'மெலிந்த பாத்திரம்'. இது விவிலியத்திலிருந்து வந்த சீர். ரோஜேயின் நூல்மீது நமக்குக் கோபமில்லை. ஊரார் பேசியதை அது ஒளிக்காமல் எழுதி வைத்தது. 1982ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆணை மட்டும் நினைவூட்டிய சொற்கள் பல திருத்தப்பட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சொல்தானே, இதிலென்ன என்பார்க்குக் கனடா நாட்டு வழக்கொன்றைச் சொல்வோம். 'பெர்சன்' என்பதற்கு மூலமான இலத்தீன் சொல்லின் பொருள் நடிகனின் முகமூடி. அந்த முகமூடி பெண்ணின் முகத்துக்குப் பொருந்துமா என்பதே வழக்கு. 1867ஆம் ஆண்டுச் சட்டம், தகுதியுள்ள 'பெர்சன்'களைச் செனட் சபைக்கு நியமிக்கலாம் என்றது. பெண்ணும் அதில் அடக்கமா என்று ஆல்பர்ட்டா மாகாணத்துப் பெண்கள் ஐவர் கேட்டனர். அடக்கமில்லை என்றது கனடாவின் உச்ச நீதிமன்றம், 1928 ஏப்ரல் 24 அன்று. ஐவரும் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். 1929 அக்டோபர் 18 அன்று, பெண்ணும் அச்சொல்லில் அடக்கமே என்று தீர்ப்பு வந்தது. ஒரு சொல்லின் பொருளை விரிக்க ஒரு கடலையே தாண்ட வேண்டியிருந்தது!

இங்கேயே கைதட்டி முடித்திருப்போம். ஆனால் அந்த ஐவரில் முன்னின்ற எமிலி மர்ஃபியின் மற்றொரு பக்கத்தை மறைப்பது விமர்சனமாகாது. வழக்கு நடந்த அதே 1928இல், அதே ஆல்பர்ட்டாவில், மனக்குறை உள்ளவர்கள் என்று ஒரு வாரியம் முத்திரை குத்தியவர்களைக் கருத்தடைக்கு உள்ளாக்க ஒரு சட்டம் வந்தது. அதற்கு ஆதரவு திரட்டியவர்களுள் அவரும் ஒருவர். 1972இல் நீக்கப்படும்வரை அச்சட்டம் 2,800க்கு மேற்பட்டோரின் உடலில் கத்தி வைத்தது. மதத்தின் பெயரால் அல்ல, தோழர்களே, அறிவியலின் பெயரால்!