கிரேகின் சொன்னதும் நாம் படித்ததும்

“முதல் பிள்ளை ஆபரேஷனா? அப்படியானால் அடுத்ததும் ஆபரேஷன்தான்.” மொரப்பூர் ரயிலடியில் வண்டிக்குக் காத்திருப்பவர்கூட இதை உறுதியாகச் சொல்லிவிடுவார். இக்கருத்து உலகெங்கும் வேரூன்றக் காரணமான கட்டுரை ஒன்று உண்டு. நியூயார்க் மருத்துவர் எட்வின் கிரேகின் 1916-இல் எழுதியது அது.

வியப்பு என்னவென்றால், தேவையின்றி வயிற்றைக் கீறாதீர்கள் என்பதே அக்கட்டுரையின் வாதம். ஒருமுறை கீறினால் மறுமுறையும் கீற நேரிடும், ஆகவே முதற் கீறலுக்கு முன் யோசியுங்கள் என்றார். விதிவிலக்குகள் பல உண்டு என்றும் அங்கேயே எழுதினார். நாமோ எச்சரிக்கையை விட்டுவிட்டு, ஒற்றை வாசகத்தைச் சட்டமாக்கிக் கொண்டோம். ஒரு கட்டுரையை இதைவிடத் தலைகீழாகப் படிக்க முடியுமா?

மேலும், அவர் காலத்துக் கீறலே வேறு. கருப்பையின் மேற்பகுதியில் செங்குத்தாகக் கீறினார்கள். பிரசவ வலியின்போது சுருங்கிக் குழந்தையை உந்தித் தள்ளும் தடித்த தசை அதுதான். இழுவிசை மிகுந்த இடத்தில் ஒட்டுப் போட்டது போலாயிற்று. 1920-களில் கிளாஸ்கோவின் மன்றோ கெர், கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். அப்பகுதி சுருங்குவதில்லை, விரிந்து கொடுக்கிறது. பழைய வகைத் தழும்பு அடுத்த பேற்றில் கிழியும் வாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 9 வரை. குறுக்குத் தழும்பு ஒன்று மட்டும் இருந்து, வலியும் தானாக வந்தால், அது ஏறத்தாழ 200-இல் 1. இம்முயற்சியில் இறங்குவோரில் நால்வரில் மூவர் அளவுக்குச் சுகப்பிரசவம் அடைகின்றனர்.

மறுபடி கீறுவதும் ஆபத்தில்லாததன்று. நச்சுக்கொடி கீழிறங்கி அமைந்த தாய்மாரிடம், அது கருப்பைச் சுவருக்குள் வேரோடிவிடும் வாய்ப்பு இரண்டாம் அறுவையின்போது நூற்றுக்கு 11, மூன்றாம் அறுவையின்போது 40 என 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கண்டது. தமிழ்நாட்டில் 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 44.9 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் 63.8. ஆகவே இது சிலருடைய பிரச்சினை அன்று.

ஆனால் சுகப்பிரசவத்தை வீரமாகப் பேசுவோரையும் நான் ஏற்க மாட்டேன். 200-இல் 1 சிறிய எண்தான். அந்த ஒன்று நேர்ந்துவிட்டால் சில நிமிடங்களுக்குள் குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும், தாய்க்கு இரத்தம் கொட்டும். அறுவைக்கூடமும் இரத்தமும் மயக்க மருத்துவரும் அந்தக் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். மொரப்பூரிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 25 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வலி கண்ட பிறகு வண்டி தேடுவதற்கு இது ஏற்ற காரியமன்று. நாள் நெருங்கும்போதே அங்கே போய்விட வேண்டும்.

போகும்போது முதல் அறுவையின் மருத்துவமனைச் சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கருப்பையில் எவ்வகைக் கீறல் என்பது அதில்தான் இருக்கும். வயிற்றுத் தோலின் தழும்பு குறுக்காகத் தெரிந்தாலும் உள்ளே செங்குத்தாகக் கீறியிருக்கலாம். அச்சீட்டில் கீறலின் வகை எழுதப்படவில்லை என்றால், வீடு திரும்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.