ஒற்றர் படமும் ஓசையின் கணக்கும்

திரையில் ஒற்றன் வெறுமனே நடந்து வந்தாலும் நம் நெஞ்சு படபடக்கிறதே, ஏன்? 1962இல் வந்த 'டாக்டர் நோ' படத்திற்கு மான்ட்டி நார்மன் இயற்றி, ஜான் பாரி வாத்தியக் குழுவுக்கு அமைத்த இசையைப் பாருங்கள். ஆர்மோனியத்தில் ஷட்ஜத்தை அழுத்தியபடி பஞ்சமம், அடுத்த கட்டை, அதற்கும் அடுத்தது, மீண்டும் முந்தைய கட்டை என்று வாசியுங்கள். ஒவ்வோர் அடியிலும் அதிர்வெண் சுமார் 6 சதவீதமே மாறுகிறது. சுரம் நகர்கிறது, ஆனால் எங்கும் போய்ச் சேர்வதில்லை. பதற்றம் இங்கேதான் பிறக்கிறது.

இறுதியில் கிட்டார் எழுப்பும் கூட்டொலியின் சுரங்கள் யாவும் நம் கீரவாணியிலும் உண்டு. ராகத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இங்கே ஒரே சமயத்தில் ஒலித்து உராய்கின்றன.

'விக்ரம்' (1986) படத்தில் இளையராஜா மின்னணுக் கருவிகளைக் கையாண்டார். ஆயினும் மெட்டு தாளத்தில் மூழ்கவில்லை. பின்வந்த பல படங்களில் முரசொலியே மிகுதி. செங்கற்பட்டுப் பக்கத்து வாசகர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கவனித்திருப்பீர்கள்: அலை இரையும்போது அருகிலிருப்பவரின் முணுமுணுப்புக் கேட்பதில்லை. பேரோசை மெல்லோசையை மறைத்துவிடும். பதற்றத்தைச் சுமப்பது அந்த மெல்லிய சுரமே. அதை மறைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சத்தம்தான்!