தேசிங்கு கதைப்பாடலும் ஆற்காட்டு நவாபும்

திண்டிவனத்திலிருந்து மேற்கே செஞ்சிக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்வோர், தொலைவிலேயே அக்கோட்டையின் மலைகளைக் காண்பர். 2025 ஜூலையில் மராட்டியர்களின் இராணுவ நிலப்பரப்புகள் என்னும் தொகுதியில் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. இது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் செஞ்சி ஒரு கொடியை மட்டும் கண்ட கோட்டையன்று. நாயக்கர், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காட்டு நவாபுகள், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரும் அதனை ஆண்டுள்ளனர். ஆயினும் தமிழ் மக்களின் நெஞ்சில் செஞ்சி என்றதும் எழும் பெயர், சில மாதங்களே அங்கு அதிகாரம் செலுத்திய தேசிங்கு என்பதாகும். இதற்குக் காரணம் ஒரு கதைப்பாடல்.

‘பெரிய எழுத்து’ப் பதிப்புகளாகச் சந்தைதோறும் விற்பனையாகி, தெருக்கூத்திலும் திரைப்படத்திலும் இடம்பெற்ற தேசிங்குராஜன் கதையை நாம் இலக்கியமாக மதிக்கின்றோம். அடங்காத பாராசாரிக் குதிரையை அடக்கும் இளைஞனும், மணக்கோலத்தை விடுத்து நீலவேணி மீதேறிப் போர்க்களம் புகும் நண்பன் மோவுத்துக்காரனும் அதில் உயிர்பெற்று நடமாடுகின்றனர். மோவுத்துக்காரன் என மக்கள் வழங்கும் மஹபத்கான் ஒரு முஸ்லிம். இந்து மன்னனுக்காக உயிர் நீத்த முஸ்லிம் வீரனைப் பாட்டாளி மக்களின் நா மூன்று நூற்றாண்டுகளாகப் போற்றி வருவது எளிய செய்தியன்று. நீலாம்பூண்டியில் அவ்வீரனின் அடக்கத்தலம் இன்றும் காட்டப்படுகின்றது.

ஆயின் இக்கதைப்பாடலின் குறை எங்குள்ளது? அது நட்பைப் பாடிய அளவுக்கு அரசியலை ஆராயவில்லை. தேசிங்கின் எதிரியான சஆதத்துல்லாகான் அதில் கப்பம் கேட்கும் கொடியவராகவே நிற்கின்றார். வரலாறு காட்டும் உருவம் வேறு. முஹம்மது ஸயீத் என்னும் இயற்பெயர் கொண்ட இவர், கொங்கணக் கடற்கரையோடு தொடர்புடைய நவாயத் மரபினர். 1710 முதல் 1732இல் மறையும் வரை கர்நாடகப் பகுதியை ஆண்டவர். முகலாயப் பேரரசு தளர்ந்து, பாளையக்காரரும் கோட்டைத் தலைவர்களும் தத்தம் வழியே சென்ற காலத்தில், சிதறிக் கிடந்த நிலங்களை ஆற்காட்டின் கீழ் ஒன்றிணைத்தவர் அவரே.

1714 பூசலின் வேர் சமயத்தில் இல்லை. பந்தேலா ராஜபுத்திரரான ஸ்வரூப்சிங்கிடம் முகலாயர் செஞ்சிக் கோட்டையை ஒப்படைத்திருந்தனர். அவர் மறைந்தபின் மகன் தேஜ்சிங் அதனைத் தமக்கு உரியதெனக் கொண்டார். கோட்டைப் பொறுப்பு மரபுரிமையா, பேரரசின் நியமனமா என்பதே வினா. அதனுடன் செலுத்தப்படாத வரிப்பாக்கியும் சேர்ந்தது. 1714 அக்டோபர் 3ஆம் நாள் நடந்த போரில் இளம் வயதிலேயே தேஜ்சிங் வீழ்ந்தார், மஹபத்கானும் வீழ்ந்தார். நவாபின் பெருமையைப் பாரசீகத்தில் ‘ஸயீத் நாமா’ என எழுதியவர் ஜஸ்வந்த்ராய் என்னும் இந்து. தேசிங்கின் பக்கம் ஒரு முஸ்லிம் தோழர், நவாபின் பக்கம் ஓர் இந்து வரலாற்றாசிரியர்! இதனைச் சமயப் போரெனக் கூறுவோர் எந்தச் சான்றைக் காட்டுவர்?

இங்கு நம்மவர்க்கும் ஒரு சொல். மஹபத்கானை மேடைதோறும் நினைவுகூர்ந்து, சஆதத்துல்லாகானை மறைத்துவிடுதல் நேர்மையாகாது. அவரைக் குற்றமற்றவராகக் காட்டுதலும் நேர்மையாகாது. அவர் நாட்டை ஒன்றிணைத்தது படைவலியாலும் வரிவலியாலுமே. அவ்வலியின் சுமையைத் தாங்கியவர் உழவர் என்பதை மறுப்பதற்கில்லை. தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறியபோது, அவர் நினைவாகவே நவாப் இராணிப்பேட்டையை அமைத்தார் என மரபு கூறுகின்றது. அம்மரபு, வென்றவரிடத்தும் மக்கள் ஓர் ஈரத்தை எதிர்பார்த்தனர் என்பதையேனும் உணர்த்தும். வெற்றிக்குப் பின் 1717-18இல் அவர் பெயரால் கோட்டையினுள் எழுந்த பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. பகைவரிடத்தும் நீதி வழுவலாகாது என்பது திருமறை நமக்குக் கற்பித்த நெறி. நம்மவரிடத்தும் அது வழுவலாகாது அன்றோ?

கதைப்பாடல் வரலாற்று நூலாக இருத்தல் வேண்டும் என நாம் கோரவில்லை. நவாபு நிலங்களை ஒன்றிணைத்தார். கதைப்பாடலோ உள்ளங்களை ஒன்றிணைத்தது. முன்னது 1732க்குப் பின் வாரிசுப் போர்களில் சிதைந்தது. பின்னது இன்றும் கிராமத்துக் கூத்துமேடையில் நிலைக்கின்றது. இவ்விரண்டையும் ஒருசேர எடுத்துரைக்கும் நூல் ஒன்று தமிழில் எழுதப்படுதல் வேண்டும். செஞ்சியைக் காண வரும் இளந்தலைமுறை கோட்டையோடு திரும்பிவிடாமல், சிங்கவரத்து அரங்கநாதர் ஆலயத்தையும் கோட்டைப் பள்ளிவாசலையும் நீலாம்பூண்டி அடக்கத்தலத்தையும் ஒரே நாளில் கண்டு செல்லுமாயின், அந்நூலின் முதற்பக்கம் அன்றே எழுதப்பட்டதாகக் கொள்வோம்.