முதல் பிழைக்கு அப்புறம்

ஒரு கம்பைலரை எடைபோட வேண்டுமென்றால் சரியான நிரலைக் கொடுத்துப் பார்ப்பதில் பிரயோஜனமில்லை. தப்பான நிரலைக் கொடுக்க வேண்டும். முதல் பிழையைக் கண்டபிறகு மிச்சத்தை எப்படி வாசிக்கிறது என்பதில்தான் அதன் குணம் தெரியும்.

இதில் பழைய கட்சிகள் இரண்டு. 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான பிஎல்/சி, பிழைகளைத் தானே ஒட்டுப்போட்டுச் சரிசெய்து நிரலை ஓட்டியும் பார்த்துவிடும். துளையட்டைகளைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த மாணவர்களுக்கு அந்தத் தாராளம் நியாயமானது. 1983இல் வந்த டர்போ பாஸ்கல் நேர் எதிர். முதல் பிழையிலேயே நின்று, கர்ஸரை அங்கே வைத்துவிடும். நொடியில் மறுபடி கம்பைல் ஆகிவிடும் என்றால் இரண்டாவது பிழைக்கு என்ன அவசரம்?

இன்றைய கம்பைலர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவை. நின்றுவிடவும் கூடாது, உளறவும் கூடாது. ஒரு மாறியை அறிவிக்கும்போது அதன் வகைப்பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போகிறது. மோசமான கம்பைலர் அந்த அறிவிப்பையே தூக்கிப்போடும். அப்புறம் மாறி வருகிற இடத்திலெல்லாம் 'இப்படியொரு பெயரே கிடையாதே' என்று புலம்பும். இன்னொன்று, 'இண்ட்' என்று தானாக ஊகித்துக்கொள்ளும். ஊகித்ததை மறந்துவிட்டு நம்மைத் திட்டும். ஒரு தப்புக்கு நாற்பது குற்றச்சாட்டு. புதிதாகப் படிக்க வந்த பிள்ளைக்கு அந்த நாற்பதும் தன்னுடையதாகவே தெரியும். 'நமக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று அது எழுந்துபோனால் யாரைக் குறைசொல்வது?

இதற்கு மருந்து இன்னும் சாமர்த்தியமான ஊகம் அல்ல என்பதே என் கட்சி. பெயரை வைத்துக்கொண்டு, வகைக்கு மட்டும் 'பிழை' என்று முத்திரை குத்தினால் போதும். அந்த முத்திரை தொட்ட எதைப் பற்றியும் மறுபடி வாய் திறக்கக் கூடாது. கிளாங் 2020இல் ஒரு படி மேலே போய், உடைந்த கோவைகளை வீசியெறியாமல், உடைந்தவை என்ற குறிப்போடு தன் தொடரியல் மரத்திலேயே வைத்துக்கொள்ளத் தொடங்கியது. பாதி எழுதிய வரியிலும் எடிட்டர் நமக்குக் கைகொடுக்க இது உதவுகிறது.

மௌனத்திலும் ஆபத்து உண்டு. எல்லோரும் 'யாரோ சொல்லியிருப்பார்கள்' என்று சும்மா இருந்தால், கெட்ட நிரல் சத்தமில்லாமல் தேறிவிடும். ரஸ்ட் கம்பைலர் இதற்கு வைத்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அதன் உள்ளே பிழை வகை ஒன்றை உருவாக்கவே, ஒரு பிழை ஏற்கெனவே அறிவிக்கப்பட்டதற்கான சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். சும்மா இருப்பதற்கும் ரசீது கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.